ஜல்லி குடித்த தண்ணீர்

பெங்களூருக்கு வெளியே ஒரு கிடங்கு கட்டும் வேலை நடந்தது. சுவர் எழும்பிவிட்டது. அடுத்தது தரை. தரைக்கு அடியில் கம்பி இல்லாத காங்கிரீட் ஒன்று போடுவார்கள். வேலையிடத்தில் அதற்குப் பி.சி.சி. என்று பெயர்.

அந்த வேலையை ஆறு பேர் எடுத்திருந்தார்கள். ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள். எல்லாரும் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தவர்கள். நாள்கூலி இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. வேலை நன்றாக இருந்தால்தான் பணம் கைக்கு வரும்.

சித்தாள்களில் மூத்தவரை எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார். பெரியக்கா சின்ன வயதில் ஊரில் அறிவொளி வகுப்புக்குப் போனவர். எழுத்தும் எண்ணும் அங்கே கற்றது.

காலையில் லாரி வந்து ஜல்லியைக் கொட்டியது. பெரியக்கா ஒரு கல்லைக் கையில் எடுத்தார். கருங்கல் ஜல்லி போல அது இல்லை. வெளுத்த சாம்பல் நிறம். மேலே பழைய காரை ஒட்டியிருந்தது. கையில் எடை கொஞ்சம் குறைவாகவே தெரிந்தது.

"என்ன மேஸ்திரி, இது புதுசா இருக்கு?"

"ரப்பீஸ் ஜல்லி பெரியக்கா. பழைய கட்டடத்தை இடிச்சு, மிஷின்ல உடைச்சு, சலிச்சு அனுப்புறாங்க. பி.சி.சி.க்கு இதைப் போடச் சொல்லிட்டாங்க. ஜல்லின்னா ஜல்லிதான். கலவையைப் போடுங்க."

மிஷின் சுற்றியது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 34 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. அளந்துதான் ஊற்றினார்கள். மிஷினிலிருந்து கொட்டும்போது கலவை நன்றாக இருந்தது. பாண்டில் அள்ளி, தலையில் வைத்து, கிடங்கின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே கொத்தனார் கத்தினார்.

"என்னக்கா இது, புட்டு மாவு மாதிரி இருக்கு? கரண்டியே இறங்கல. தண்ணி ஊத்தச் சொல்லு!"

பெரியக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மிஷின் பக்கத்தில் இளகலாக இருந்த கலவை, நூறு அடி நடப்பதற்குள் எப்படிக் கெட்டியானது? வெயிலும் அப்படி ஒன்றும் கடுமை இல்லை.

மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரை மிஷினில் கூடுதலாக ஊற்றினார். அடுத்த தடவை இரண்டு வாளி. அதற்கடுத்து ஒன்றரை. எவ்வளவு ஊற்றினோம் என்று மாலையில் யாருக்கும் நினைவில்லை. இரண்டு நாளில் தரை முழுவதும் போட்டு முடித்தார்கள்.

பத்து நாள் கழித்து இன்ஜினியர் வந்தார். இளைஞர். கன்னடக்காரர். தமிழ் பேசுவார். குனிந்து ஓர் ஆணியால் தரையைக் கீறினார். மாவு போலப் பொடி உதிர்ந்தது. இன்னொரு மூலையில் சுத்தியலால் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது. அங்கே உடைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு போல ஓட்டை.

ஒரே தரையில் இரண்டு நோய். கெட்டியாகப் போட்ட இடத்தில் கலவை அமரவில்லை. அதனால் பொந்து. தண்ணீர் கூடிய இடத்தில் சிமெண்டுப் பால் மேலே மிதந்தது. தண்ணீர் காய்ந்த பிறகு அதன் இடம் வெறும் துளையாக நின்றது. அதனால் பலம் இல்லை.

தரையை உடைத்து எடுக்கும்படி காண்டிராக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் வேலைக்குப் பணம் கிடையாது என்றும் சொன்னார். ஆறு பேரின் இரண்டு நாள் உழைப்பு போயிற்று. மேஸ்திரிக்குக் கோபம். "குப்பை ஜல்லியைக் குடுத்துட்டு எங்க மேல பழி போடுறீங்களே" என்றார்.

மேஸ்திரி பேச்சில் பாதி நியாயம் இருந்தது. புதுச் சாமானைக் கொடுத்தால், அதைக் கையாளும் விதத்தையும் சொல்லித் தர வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஜல்லி குப்பை இல்லை.

பதம் என்றால் என்ன?

இட்லிக்கு ஒரு பதம். தோசைக்கு ஒரு பதம். அதே போலக் காங்கிரீட்டுக்கும் பதம் உண்டு. கலவையைத் தூக்க முடிய வேண்டும். கொட்டினால் பரவ வேண்டும். குத்தினால் மூலை முடுக்கெல்லாம் போய் அமர வேண்டும். அதே நேரம் ஜல்லி தனியே, பால் தனியே பிரியக் கூடாது. இதுதான் காங்கிரீட்டின் பதம்.

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அது கல்லாக இறுகுவதற்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீரே போதும். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் எல்லாம் பதத்துக்காக. பதத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் கூடினால் பலம் குறையும். கொத்தனாருக்கு இளகலாக இருந்தால் வேலை சுலபம். தரைக்குக் கெட்டியாக இருந்தால் நல்லது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாக் காங்கிரீட் வேலையும் நடக்கிறது.

பழைய கல் ஏன் குடிக்கிறது?

கருங்கல் ஜல்லி அதிகம் தண்ணீர் குடிக்காது. 100 கிலோ ஜல்லி அரைக் கிலோ, ஒரு கிலோ தண்ணீர்தான் குடிக்கும்.

பழைய காங்கிரீட்டை உடைத்த ஜல்லி அப்படி இல்லை. அதன் நடுவில் கருங்கல் இருக்கும். அதைச் சுற்றிப் பழைய காரை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரம். காய்ந்த மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் பானை குடிப்பதைப் பார்த்திருப்பார்கள். அப்படித்தான் இதுவும் குடிக்கும். பெரும்பாலும் 100 கிலோவுக்கு 3 கிலோ முதல் 8 கிலோ வரை குடிக்கும். செங்கல் துண்டு கலந்திருந்தால் இன்னும் கூடும்.

குடிப்பதும் மெதுவாக இல்லை. பெரும்பகுதியை முதல் அரை மணி நேரத்திலேயே குடித்துவிடும். மிஷினில் ஊற்றிய தண்ணீரைப் பாண்டில் போகும் வழியிலேயே ஜல்லி இழுத்துக்கொண்டது. பெரியக்காவின் தலைமேல் கலவை கெட்டியான கதை இதுதான்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. உடைத்த காங்கிரீட் சொரசொரப்பாக, முனை முனையாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகராது. உடைக்கும்போது வரும் தூசியும் கூடவே வந்துவிடும். தூசியும் தண்ணீர் குடிக்கும். அதனால் தூசியைச் சலித்து நீக்கிய ஜல்லியே வேலைக்கு நல்லது.

இந்த ஜல்லி எங்கிருந்து வருகிறது?

நகரங்களில் பழைய கட்டடங்களை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ரப்பீஸை ஏரியிலும் ஓடையிலும் கொட்டினால் தண்ணீர் போகும் வழி அடைபடும். தில்லியில் புராரி என்னும் இடத்தில் 2009-ஆம் ஆண்டு ஓர் ஆலை தொடங்கினார்கள். இடிபாட்டை உடைத்து, சலித்து, மறுபடி ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்குவது அதன் வேலை. பிறகு வேறு நகரங்களிலும் இத்தகைய ஆலைகள் வந்தன. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு இடிபாட்டுக் கழிவுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் நொய்டாவில் இரண்டு பெரிய கோபுரக் கட்டடங்களை வெடி வைத்துச் சில நொடிகளில் சாய்த்தார்கள். அதில் மட்டும் சுமார் 80,000 டன் இடிபாடு என்று அப்போது மதிப்பிட்டார்கள். இத்தனையையும் எங்கே கொண்டு கொட்டுவது? ஒரு பக்கம் ஜல்லிக்காக மலையை உடைக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஜல்லியையே குப்பையாகக் கொட்டுகிறார்கள்.

ஆனால் எல்லா வேலைக்கும் இதைப் போட முடியாது. ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது. அதில் 2016-இல் இதற்கு எல்லை வகுத்தார்கள். பழைய காங்கிரீட்டை மட்டும் உடைத்த ஜல்லி என்றால், கம்பி கட்டிய காங்கிரீட்டில் 100 கிலோவுக்கு 20 கிலோ மட்டுமே போடலாம். அதுவும் எம்-25 வகை வரைதான். கம்பி இல்லாத காங்கிரீட்டில் 25 கிலோ. எம்-15க்குக் கீழான எளிய காங்கிரீட்டில் முழுவதும் இதையே போடலாம். செங்கல், காரை எல்லாம் கலந்து உடைத்தது என்றால் இந்த எளிய காங்கிரீட்டுக்கு மட்டும்தான். வீட்டுக் கூரைக்கும் தூணுக்கும் யாராவது முழுக்க முழுக்க ரப்பீஸ் ஜல்லி போட்டால் தடுத்துக் கேட்க வேண்டும்.

கிடங்கில் போட்டது எம்-10 வகை. அதனால் ஜல்லி முழுவதும் ரப்பீஸ் ஜல்லியாக இருந்ததில் தப்பில்லை.

அஞ்சு வட்டி

தரையை உடைத்து அள்ளிய அன்று மாலை. இன்ஜினியர் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். ஜல்லி லாரியோடு வந்த சோதனைச் சீட்டு. இத்தனை நாள் அது ஆபீஸ் மேசையில் கிடந்தது.

பெரியக்கா வாங்கிப் பார்த்தார். எழுத்து ஆங்கிலம். படிக்க முடியவில்லை. ஆனால் ஒரு வரியின் கடைசியில் 5 என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கோடு, இரண்டு சுழி. அந்தக் குறி அவருக்குத் தெரியும். அடகுக் கடைப் பலகையில் பார்த்த குறி.

"இது வட்டிக் குறி ஆச்சே சார். நூத்துக்கு அஞ்சு."

"ஆமாம் அக்கா. நூறு கிலோ ஜல்லி அஞ்சு கிலோ தண்ணி குடிக்கும்னு போட்டிருக்கு."

"அப்படின்னா இது அஞ்சு வட்டிக்காரன். கருங்கல் ஜல்லி?"

"அரை வட்டி, ஒரு வட்டி."

பெரியக்கா தரையில் உட்கார்ந்தார். செங்கல் துண்டால் கணக்கு எழுதினார். ஒரு மூட்டை சிமெண்டுக்கு மணல் 160 கிலோ, ஜல்லி 320 கிலோ. நூறுக்கு ஐந்து என்றால் முந்நூறுக்குப் பதினைந்து. மிச்சம் இருபதுக்கு ஒன்று. மொத்தம் 16. ஒரு கிலோ தண்ணீர் என்பது ஒரு லிட்டர்.

"மேஸ்திரி, நாம ஊத்துனது 34 லிட்டர். அதுல 16 லிட்டரை ஜல்லியே குடிச்சிருக்கு. பாதிக்குப் பக்கம் போச்சு. சிமெண்டுக்கும் மணலுக்கும் மிச்சம் 18."

மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்குத்தானே நான் ரெண்டு வாளி சேர்த்தேன்" என்றார்.

அங்கேதான் சிக்கல். பத்து லிட்டர் வாளியில் ஒரு தடவை ஒன்று, ஒரு தடவை இரண்டு. ஜல்லி குடிக்கும் முன்னே சில கலவை தரைக்குப் போனது. குடித்த பின்னே சிலது போனது. எது எவ்வளவு என்று தெரியாமல் ஊற்றியதால், ஓர் இடத்தில் போதாமலும் ஓர் இடத்தில் மிகையாகவும் ஆனது.

"செங்கல்லை எப்படிக் கட்டுவீங்க மேஸ்திரி?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"நனைச்சுத்தான் கட்டுவோம். காஞ்ச செங்கல் கலவைத் தண்ணியை உறிஞ்சிடும். காரை பிடிக்காது. இது தெரியாதா?"

சொல்லி முடித்ததும் மேஸ்திரியே சிரித்துவிட்டார். தெரிந்த வித்தைதான். செங்கல்லுக்குச் செய்வதை ஜல்லிக்குச் செய்யவில்லை.

நனைப்பதிலும் அளவு உண்டு

அன்று இரவே மேஸ்திரி ஜல்லிக் குவியல் மேல் குழாயைத் திறந்துவிட்டார். விடிய விடியத் தண்ணீர் ஓடியது. காலையில் குவியலைச் சுற்றிக் குளம். அந்த ஜல்லியை அப்படியே அள்ளி மிஷினில் போட்டார்கள். தண்ணீர் அதே 34 லிட்டர்.

இன்ஜினியர் ஓர் இரும்புக் கூம்பு வைத்திருந்தார். உயரம் 300 மில்லிமீட்டர். மேல்வாய் 100, அடிவாய் 200. இரண்டு பக்கமும் திறப்பு. அதை இரும்புத் தகட்டின் மேல் வைத்தார். கலவையை அடுக்கடுக்காக நிரப்பினார். ஒவ்வோர் அடுக்கையும் ஒரு கம்பியால் 25 தடவை குத்தினார். மேலே வழித்துச் சமன் செய்தார். பிறகு கூம்பை நேராக, நிதானமாக மேலே தூக்கினார்.

கலவை கஞ்சி போல நாலாபக்கமும் ஓடியது.

"இப்போ என்ன ஆச்சு?" என்றார் மேஸ்திரி.

ஜல்லி வயிறு முட்டக் குடித்தது. சரி. ஆனால் அதன் மேலெல்லாம் தண்ணீர் வழிந்தது. அந்தத் தண்ணீர் மிஷினுக்குள் போனது. அதையும் சேர்த்துப் பார்த்தால் 34 லிட்டருக்கு எவ்வளவோ மேல். அந்தக் கலவையைத் தரையில் போடவில்லை. ஒதுக்கினார்கள். அரை மூட்டை சிமெண்ட் வீண். முன்பு போனதைப் பார்த்தால் இது சின்னச் சேதம்.

ஜல்லியின் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. அதற்கு வழியைப் பெரியக்காவும் மற்றச் சித்தாள்களும் செய்தார்கள். ஜல்லியைச் சற்றுச் சரிவான இடத்துக்கு மாற்றினார்கள். மாலையில் பூவாளியால் தெளித்தார்கள். மண்வெட்டியால் புரட்டிப் போட்டு மறுபடி தெளித்தார்கள். மூன்று தடவை இப்படி. பிறகு ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள். இரவில் மிகைத் தண்ணீர் சரிவில் வடிந்துவிட்டது. சாக்கு இருந்ததால் மேல் ஜல்லி காயவில்லை.

காலையில் பெரியக்கா ஒரு கை ஜல்லியை எடுத்துத் துண்டில் புரட்டினார். கல் கறுத்த நிறமாக இருந்தது. ஆனால் பளபளப்பு இல்லை. துண்டு லேசாக ஈரமானது. சொட்டவில்லை.

"இதான் பதம்" என்றார்.

மறுபடி கூம்பு வைத்தார்கள். தூக்கியதும் கலவை மெல்ல அமர்ந்தது. உடையவில்லை, ஓடவில்லை. கூம்பைப் பக்கத்தில் நிறுத்தி, மேலே கம்பியைக் குறுக்கே வைத்து, கலவை எவ்வளவு இறங்கியது என்று அளந்தார்கள். 65 மில்லிமீட்டர். இந்த வேலைக்கு 25 முதல் 75 வரை இருக்கலாம். அரை மணி கழித்து அதே கலவையை மறுபடி அளந்தார்கள். 50. தரையின் அந்தக் கோடிக்குப் போனாலும் பரப்பி அமுக்க அது போதும்.

கொத்தனார் இந்தத் தடவை கத்தவில்லை. மேஸ்திரியின் கை மட்டும் பழக்கத்தில் இரண்டு தடவை வாளிப் பக்கம் போனது. பெரியக்கா வாளியைத் தள்ளி வைத்துவிட்டார்.

நனைக்க நேரம் இல்லாத நாளுக்கு இன்ஜினியர் இன்னொரு வழி சொன்னார். ஜல்லியையும் மணலையும் முதலில் மிஷினில் போட வேண்டும். பாதித் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் சுற்றவிட வேண்டும். ஜல்லி தன் பங்கைக் குடிக்கத் தொடங்கும். பிறகு சிமெண்ட். அதன் பிறகு மீதித் தண்ணீர். இதிலும் கலவை ஓரளவு பதமாக வரும். ஆனால் முதல் நாளே நனைப்பதற்கு இது ஈடாகாது. கலவையை இளக்கும் திரவமும் கடையில் கிடைக்கிறது. அதை அட்மிக்சர் என்பார்கள். அதை ஊற்றுவதும் கண்ணளவில் கூடாது. டப்பாவில் போட்ட அளவைத் தாண்டினால் கலவை பிரிந்துவிடும்.

சீட்டு வராத ஜல்லிக்கும் கணக்குப் பார்க்கலாம். 5 கிலோ காய்ந்த ஜல்லியைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். எடுத்து, மேல் ஈரத்தைத் துணியால் துடைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். 5 கிலோ 250 கிராம் இருந்தால், குடித்தது 250 கிராம். நூற்றுக்கு ஐந்து.

புதுத் தரையை ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டுக் காத்தார்கள். இன்ஜினியர் வந்து ஆணியால் கீறினார். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தது. இந்தத் தரைக்குப் பணம் வந்தது. முதல் தரையின் இரண்டு நாள் பணம் வரவில்லை. மேஸ்திரி இன்னும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த வாரம் பக்கத்து மனையில் வேலை. லாரி வந்து நின்றது. ஜல்லியைக் கொட்டும் முன்னே பெரியக்கா டிரைவரிடம் கை நீட்டினார்.

"சீட்டைக் கொடு தம்பி."

ஆங்கில வரிகளை விட்டுவிட்டு எண்ணைத் தேடினார். இந்தத் தடவை 5 இல்லை. 7 என்று இருந்தது.

"மேஸ்திரி, ஏழு வட்டி!"

குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தார். தரையில் 320 என்று எழுதத் தொடங்கினார்.